கேள்வி – பதில்: பழைய ஏடுகளில் பெண்களைத் தேடும் வழி

நூறாண்டுக்கு முந்திய பெண்கள் இதழ்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி: 1930க்கு முன் தமிழ்ப் பெண்கள் எழுதி அச்சான நூல்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுத விரும்புகிறேன். நூலகப் பட்டியலில் ‘பெண்கள்’ என்று தேடினால் சில நூல்களே கிடைக்கின்றன. அவையும் பெரும்பாலும் பெண்களுக்கு ஆண்கள் சொன்ன அறிவுரைகள். இருப்பது இவ்வளவுதானா? (மாணவி, திருநெல்வேலி)

பதில்: இவ்வளவு மட்டும் இல்லை. பட்டியல் தயாரித்தவர்கள் எந்தத் தலைப்பில் பெண்களை வைத்தார்களோ அந்தத் தலைப்பில் மட்டும் நீங்கள் தேடியிருக்கிறீர்கள். பழைய நூற்பட்டிகளில் ‘பெண்கள்’ என்ற பொருள் தலைப்பு பெரும்பாலும் நீதி நூல்களுக்கே கொடுக்கப்பட்டது; மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869-இல் வெளியிட்ட ‘பெண்மதி மாலை’ போன்றவை அங்கே கிடைக்கும். பெண்களே எழுதியவை பக்திப் பாடல், கும்மி, நலங்கு, தாலாட்டு, சமையல், கைவைத்தியம், நாவல் என்று வேறு வேறு அலமாரிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே பொருளை விட்டுவிட்டு, பெயரின் வாலைப் பிடித்துத் தேடுங்கள். ‘அம்மாள்’, ‘அம்மையார்’, ‘பாய்’, ‘பேகம்’, ‘ஸ்ரீமதி’, ‘மிஸஸ்’ என ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரே பெயரை கிரந்த எழுத்தோடும் இல்லாமலும், தலைப்பெழுத்துகளோடும் இல்லாமலும் கொடுத்துப் பாருங்கள். கிறிஸ்தவப் பெண்கள் பலர் கணவரின் குடும்பப் பெயரின் கீழ்ப் பதிவாகியிருப்பதால், அவர்களைத் தேடுவதற்குக் குடும்பத்தின் பெயரையும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்து, நூலகத்துக்குள் நுழைவதற்கு முன்பே நீங்கள் பார்க்க வேண்டிய ஓர் ஆவணம் இருக்கிறது. 1867-ஆம் ஆண்டின் 25-ஆவது சட்டப்படி, அச்சகங்கள் தாங்கள் அச்சிட்ட நூல்களை அரசிடம் ஒப்படைத்துப் பதிய வேண்டியிருந்தது. அந்தப் பதிவுகளைச் சென்னை மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலாக வெளியிட்டது. நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், வெளியிட்ட நாள், பக்க எண்ணிக்கை, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை என்பவை ஒரு வரிசையில் இருக்கும். பிரதி எண்ணிக்கையும் விலையும் நூலுக்குள் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு பெண்ணின் பாட்டுப் புத்தகம் அரையணாவுக்குச் சந்தையில் விற்கப்பட்டதா, உறவினர்களுக்குள் இலவசமாக வழங்கப்பட்டதா என்று அறிவதற்கு அவைதாம் சாட்சி. இப்பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு தமிழ்நாட்டில் பின்னர் தொகுக்கப்பட்ட ‘தமிழ் நூல் விவர அட்டவணை’ தொகுதிகளைக் கன்னிமாரா போன்ற பெரிய நூலகங்களில் பார்க்கலாம். அவற்றை ஒரு மாதம் பக்கம் பக்கமாகப் படிப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆனாலும் எந்தத் தேடுபொறியையும் விட அதிகமாக உங்களுக்கு அது கொடுக்கும் என்று உறுதியாகச் சொல்கிறேன். பட்டியலில் பதிவாகியிருந்தும் இன்று எந்த நூலகத்திலும் இல்லாத நூல்கள் தனியாக ஓர் அட்டவணையாகத் திரளும். அந்த அட்டவணையும் உங்கள் ஆய்வேட்டின் ஒரு பகுதியாக இருக்கட்டும். என்ன தொலைந்தது என்பதும் பெண்கள் வரலாறுதான்.

பட்டியலில் கண்டதை நேரில் பார்க்க நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த முத்தையா, தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, 1994-இல் சென்னையில் நூலகமாயின. அவர் பண்டித நூல்களை மட்டும் சேர்த்தவர் அல்லர். நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள் (கடைத்தெருவில் விற்ற மலிவு விலைப் பாட்டு நூல்கள்) என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டவற்றை அவர் எடுத்து வைத்தார். பெண்கள் படித்ததும் பாடியதும் அந்த வகைத் தாள்களில்தான் மிகுதி என்பதால், அவருடைய ரசனை உங்கள் ஆய்வுக்கு நேரடியாக உதவுகிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுமதிக் கடிதம் வேண்டியிருக்கும். துறைத்தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு, அங்கே இல்லாதவற்றுக்கு மட்டும் பயணம் செய்தால் பணமும் நாளும் மிச்சமாகும்.

கேள்வி: பழைய இதழ்களில் பெண் பெயரில் வந்த கதைகளையும் கட்டுரைகளையும் பெண்கள்தாம் எழுதினார்கள் என்று எப்படி நம்புவது? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: பெயரை மட்டும் வைத்து நம்ப முடியாது, சந்தேகத்தை மட்டும் வைத்துத் தள்ளிவிடவும் கூடாது. பெண்களுக்கான இதழ்களைத் தொடக்க காலத்தில் ஆண்கள் பலர் நடத்தினார்கள். 1905-இல் தொடங்கிய ‘சக்கரவர்த்தினி’க்குப் பாரதியாரே ஆசிரியராக இருந்தார். மனைவியின் பெயரில் எழுதிய ஆண்களையும் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். ஆகவே ஒரு பெயரைக் கண்டால் அதற்கு வெளியே வேறொரு தடயம் கிடைக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் ஏதேனும் கூட்டத்தில் பேசியதாகச் செய்தி வந்திருக்கிறதா, அவருக்கு வாசகர்கள் எழுதிய கடிதமோ நிழற்படமோ இருக்கிறதா, மற்றோர் இதழில் அதே பெயர் அதே ஊரோடு வருகிறதா என்று தேடினால் பாதிக்கு மேல் தெளிவாகிவிடும்.

முன்னுரைகளை ஒருபோதும் தாண்டிச் செல்லாதீர்கள். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டபோது அதற்கு முன்னுரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர். இருபது வயதை ஒட்டிய ஒரு முஸ்லிம் பெண்ணின் கையெழுத்துப் படி அந்த முதிய பதிப்பாசிரியரிடம் போய்ச் சேர்ந்தது என்ற அந்த ஒரு செய்தியே, நாகூருக்கும் சென்னைக்கும் இடையே நூல்களும் கடிதங்களும் போய்வந்த வழிகளைப் பற்றி ஆராயத் தூண்டுகிறது. பழைய நூல்களில் சாற்றுக்கவி, அதாவது நூலைப் பாராட்டும் பாடல், பாடியவர்களின் பெயர்களும் இப்படிப்பட்டவையே; அவற்றை நாம் புகழ்ச்சி என்று கருதிப் புரட்டிவிடுகிறோம், உண்மையில் அவை அந்த எழுத்தாளரின் உறவு வட்டத்தைக் காட்டும் பட்டியல்.

‘எழுதினார்’ என்ற சொல்லையும் சற்று நிதானமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம். வை.மு. கோதைநாயகி அம்மாள் எழுதப் பழகுவதற்கு முன்பே கதை சொல்லும் ஆற்றல் பெற்றிருந்தார். தம் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே, 1925-இல், ‘ஜகன்மோகினி’ இதழை அவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். கையெழுத்து யாருடையது என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த முதல் நாடகம் அவருடையது ஆகியிருக்காது. சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு பெண்களின் எழுத்தில் அரிதானது அன்று.

கேள்வி: மறுபதிப்பு கடையில் கிடைக்கும்போது, உடைந்து உதிரும் பழைய பதிப்பைத் தேடி ஆய்வாளர்கள் ஏன் அலைகிறார்கள்? நூலின் உள்ளடக்கம் ஒன்றுதானே? (வாசகர், சேலம்)

பதில்: ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை, பெண்களின் நூல்களில் அந்த உறுதி இன்னும் குறைவு. இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று தஞ்சாவூரில் எழுதப்பட்ட ஒரு தெலுங்குக் காவியம்.

மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்டார். அவருடைய அவையில் இருந்த முத்துப்பழனி, தேவதாசி மரபில் வந்த கவிஞர். ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற சிருங்கார காவியத்தை இயற்றியவர். அதன் பாயிரத்தில் அவர் தம் பாட்டி தஞ்சநாயகி முதலான தம் வீட்டுப் பெண்களையே தம் வழிமரபாகச் சொல்லிக்கொண்டார். 1887-இல் அந்நூல் அச்சில் வந்தது. பதிப்பித்தவர், தெலுங்கு நூல்களை அச்சுக்குக் கொண்டுவருவதில் பெரும்பணி செய்த சி.பி. பிரவுனோடு தொடர்புடைய வெங்கடநரசு. அந்தப் பதிப்பில் பாயிரமும் இல்லை, பல பாடல்களும் இல்லை. ஆக, அச்சில் மட்டும் படித்தவர்களுக்கு அந்தக் கவிஞரின் பாட்டி பிறக்கவே இல்லை.

பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற பெயர், திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எழுப்பியவர் என்ற அளவில் இசை ரசிகர்களுக்குத் தெரியும். அவர் ஒரு பதிப்பாசிரியரும் ஆவார் என்பதைச் சொல்வோர் குறைவு. அந்தக் காவியத்தைப் பற்றி ஒரு நூலில் படித்துவிட்டு, அதை மிகுந்த முயற்சியோடு தேடிப் பெற்றார். அச்சுப் பிரதியைச் சுவடியோடு ஒப்பிட்டபோது விடுபட்டவை தெரிந்தன. விடுபட்டவற்றைச் சேர்த்து 1910-இல் வாவிள்ள பதிப்பு நிறுவனத்தின் வழியாக முழுநூலாக வெளியிட்டார். சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம், பெண்ணொருத்தி எழுதத் தகாதது என்று அந்நூலை இழிவாக எழுதியிருந்தார். நாகரத்தினம்மாள் தம் முன்னுரையில் அவரிடம், நாணம் பெண்களுக்கு மட்டும்தான் உரியதா, ஆண் கவிஞர்கள் எழுதிய சிருங்காரத்தை ஏன் பாடம் சொல்கிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். 1911-இல் அந்நூல் ஆபாசமானது என்று அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பிரகாசம் சென்னை மாகாணத்தின் பிரதமராக (மாகாண முதலமைச்சரை அன்று அப்படி அழைத்தார்கள்) இருந்த காலத்தில்தான் தடை நீங்கியது; 1952-இல் மீண்டும் அச்சானது.

இந்த வரலாற்றில் பதிப்புக்குப் பதிப்பு நூலே வேறு நூலாகிறது என்பதைக் கவனியுங்கள். 1887-ஆம் ஆண்டுப் பதிப்பையும் 1910-ஆம் ஆண்டுப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், எந்த வரியை எவர் எப்போது அகற்றினார் என்று சொல்ல முடியும். பிந்திய மறுபதிப்பு ஒன்றை மட்டும் படிப்பவர் காவியத்தை அறிவார். காவியத்துக்கு நேர்ந்ததை அறியமாட்டார். தடை செய்த அரசின் கோப்புகளும் அதே காரணத்தால் பெண்கள் வரலாற்றுக்கு மூலங்களாகின்றன, ஏனெனில் எந்தப் பாடலைக் கண்டு அரசு அஞ்சியது என்பது அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கும்.

இதே நாகரத்தினம்மாள், தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சியை முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் மேற்கொண்டபோது, எதிர்த்து நின்ற தேவதாசிகளின் பக்கம் இருந்தார். அதே மரபில் வளர்ந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், ஒழிப்பை ஆதரித்து 1936-இல் நாவலே எழுதினார். சட்டம் 1947-இல்தான் வந்தது. மூன்று பெண்களின் மூன்று நிலைகளை நீங்கள் நியாயமாகப் படிக்க வேண்டுமானால் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, தேவதாசிகள் அரசுக்குக் கொடுத்த மனு, சுயமரியாதை இயக்க இதழ்கள் ஆகிய மூன்றையும் படித்தாக வேண்டும். முதலாவது எளிதில் கிடைக்கிறது என்பதால் அதை மட்டும் படித்து எழுதப்படும் கட்டுரைகள் பெருகிவருவது எனக்கு வருத்தம் தருகிறது. மனு கொடுத்த பெண்கள் தோற்றார்கள் என்பதனால் அவர்கள் சொன்னது படிக்கத் தகாதது ஆகிவிடாது.

நூல்களைக் கட்டும் ‘பைண்டிங்’ வேலையின் ஒரு கெடுதியையும் இங்கே குறித்துவிடுகிறேன். நூலகம் ஒன்றில் மாத இதழ்களை ஆண்டுவாரியாகச் சேர்த்துத் தைக்கும்போது, மேலட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்து எறிந்திருந்தார்கள். இரண்டு ஆண்டுத் தொகுதிகளைப் படித்து முடித்தும் அந்த இதழின் சந்தா எவ்வளவு, எந்தெந்த ஊரில் முகவர்கள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னர் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்த, தைக்காத ஒற்றை இதழின் அட்டையில் அனைத்தும் இருந்தன. அதனால்தான் ‘இந்த நூல் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது’ என்று சொல்லி இரண்டாவது பிரதியைத் திருப்பி அனுப்பும் நூலகர்களிடம் நான் வாதாடுகிறேன்.

கேள்வி: யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபின், எங்கள் ஊர்ப் பெண்களின் வரலாற்றுக்கு எதை நம்புவது? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் நூலகத்துக்கு ஒருபோதும் போகாத தாள்கள் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்டு வழங்கும் நினைவு மலரை யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்று சொல்கிறீர்கள் அல்லவா? அதில் இறந்தவரின் பிறந்த நாள், படித்த பள்ளிக்கூடம், மணமுடித்த ஊர், பிள்ளைகள், வம்சம், அவர்மீது பாடிய வெண்பாக்கள் என்று எல்லாம் இருக்கும். அரசுப் பதிவேட்டில் ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் வரும் ஒரு பெண் தன் பெயரோடு முழுதாக அச்சேறிய ஒரே இடம், பெரும்பாலும் அந்தக் கல்வெட்டுத்தான். புகழ்ச்சிக்காக எழுதப்பட்டது என்பதால் குணநலன்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தேதிகளையும் ஊர்களையும் உறவுகளையும் ஏற்கலாம். ஒரே ஊரின் கல்வெட்டுகள் ஐம்பது சேர்ந்தால், பெண்கள் எந்த வயதில் மணமுடித்தார்கள், எந்தத் தலைமுறையில் பள்ளிக்குப் போகத் தொடங்கினார்கள் என்று எழுதலாம். 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனம் இத்தகைய நினைவு மலர்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. உங்கள் வீட்டில் இருப்பதை அவர்களுக்குக் கொடுத்து உதவுங்கள்.

தீ எட்டாத தொலைவிலும் சில இருக்கின்றன. உடுவிலில் 1824-இல் பெண்களுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கிய அமெரிக்க மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. எழுதியவர்கள் மிஷனரிகள் என்பதை மறவாமல் படிக்க வேண்டும். மாணவிகளுக்கு அவர்கள் வைத்த புதிய பெயர்களுக்குப் பின்னால் பழைய பெயரைத் தேட வேண்டியிருக்கும். 1914-இல் வெளிவந்த மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலையும் இந்த வரிசையில் படியுங்கள். இல்லறத்தில் பெண் படும் துன்பத்தை உள்ளிருந்து சொன்ன ஈழத்து நாவல் அது.

கேள்வி: என் பாட்டி சமையல் குறிப்பு, வீட்டுச் செலவுக் கணக்கு, பாட்டு எல்லாம் எழுதிய ஆறு நோட்டுப் புத்தகங்கள் என்னிடம் உள்ளன. தாள் பழுப்பேறி ஓரம் உதிர்கிறது. லேமினேஷன் செய்யலாமா? நூலகத்துக்குக் கொடுத்தால் அவர்கள் அச்சிட்டுவிடலாமா? (இல்லத்தரசி, காரைக்குடி)

பதில்: லேமினேஷன் வேண்டவே வேண்டாம் அம்மா. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் பிரிக்க முடியாது. தாளோடு எழுத்தும் போய்விடும். கிழிந்த இடத்தில் செலோ டேப்பும் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கறையாகும். அந்தக் காலத்து மலிவுத் தாள் மரக்கூழில் செய்யப்பட்டதால், அதனுள் இருக்கும் அமிலமே அதைத் தின்கிறது. வெயிலும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். நோட்டுகளை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில், படுக்கைவாட்டில், ஒரு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பூச்சிக்கு நம் வீடுகளில் வழக்கமாக வைக்கும் வசம்பைத் தனித் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம், தாளின்மேல் படாமல். கையுறை தேவையில்லை, கழுவி நன்றாகத் துடைத்த கை போதும்.

பிறகு, ஒவ்வொரு பக்கத்தையும் வரிசை மாறாமல் கைபேசியில் படமெடுங்கள். வெற்றுப் பக்கம், அட்டை, இடையில் செருகியிருக்கும் சீட்டு, பால் கணக்குத் துண்டு எதையும் விடாதீர்கள். செருகிய தாள் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே மீண்டும் வையுங்கள். பாட்டி எந்த ஆண்டு பிறந்தார், எங்கே படித்தார், எந்த வீட்டில் இருந்தபோது எழுதினார் என்பவற்றைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் நூலகத்துக்கு வந்து சேர்ந்த எத்தனையோ நோட்டுகள் இன்று யாருடையவை என்று தெரியாமல் இருக்கின்றன. செலவுக் கணக்கை மட்டும் ‘இது எதற்கு’ என்று தனியே எடுத்துவிடாதீர்கள். சமையல் குறிப்பைவிட ஆய்வாளர்கள் அதைத்தான் அதிகம் விரும்புவார்கள், அரிசி விலையும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் அந்த வீட்டில் யார் கையில் காசு இருந்தது என்பதும் அதில் இருக்கிறது.

உரிமை பற்றி: நோட்டு நூலகத்துக்குப் போவதும், அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை போவதும் வேறு வேறு. இந்தியச் சட்டப்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்போது வெளியான நூலுக்கு அவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1960-இல் மறைந்த கோதைநாயகி அம்மாளின் நாவல்கள் 2021 முதல் பொதுவுடைமை ஆனது இந்தக் கணக்கில்தான். உங்கள் பாட்டி எழுதியது அச்சாகாதது. அதன் உரிமை பாட்டியின் வாரிசுகளான உங்கள் குடும்பத்தாரிடம் இருக்கும். ஆகவே கொடுக்கும்போது, ஆய்வாளர்கள் படிக்கலாமா, படமெடுக்கலாமா, இணையத்தில் இடலாமா, அச்சிட முன்அனுமதி வேண்டுமா என்று நான்கையும் கடிதமாக எழுதி, நூலகத்தார் கையொப்பமிட்ட நகல் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். உறவினர்களின் சண்டை, கடன், நோய் பற்றிய பக்கங்கள் இருந்தால் அவற்றைக் கிழிக்க வேண்டாம்; குறிப்பிட்ட ஆண்டுவரை அந்த நோட்டை மூடி வைக்கும்படி அதே கடிதத்தில் கேட்கலாம், நல்ல நூலகங்கள் அதை ஏற்கும்.